அம்மாவின் வெடியுப்பு, மகளின் பொட்டாசியம் நைட்ரேட்: சிவகாசி கலவை அறைகள் சொல்லும் ஆய்வகப் பாடம்

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் இருந்த ஒரு பட்டாசு ஆலையில் நண்பகல் நேரத்தில் வெடிச்சத்தம். பட்டாசு ஊரில் சத்தம் புதிதில்லை. ஆனால் கரும்புகை மேலே எழுந்ததும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் ஆலையை நோக்கி ஓடிவந்தார்கள். சிலர் காப்பாற்ற வந்தார்கள், சிலர் என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தார்கள். அவர்கள் நெருங்கி நின்றபோது அடுத்த பெரிய வெடிப்பு நிகழ்ந்தது.

அன்று இறந்தவர்கள் சுமார் 40 பேர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை.

அதன் பிறகும் விருதுநகர் மாவட்டத்தில் வெடி விபத்துகள் நிற்கவில்லை. 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளம். 2023 அக்டோபர் 17-ல் சிவகாசி அருகே ரெங்கபாளையம். 2024 மே 9-ல் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1-ல் சின்னகாமன்பட்டி. ஊர் மாறும், தேதி மாறும். செய்தியில் ஒரு வரி மட்டும் பெரும்பாலும் மாறாது: 'மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக வெடி விபத்து.'

உராய்வு என்ற அந்த ஒற்றைச் சொல்லோடு பலரும் செய்தியைக் கடந்துவிடுகிறோம். ஆனால் பட்டாசு ஆலையில் உராய்வு தினமும் நடக்கிறது. கை தேய்கிறது, சல்லடை தேய்கிறது, கால் தரையில் தேய்கிறது. ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டும் அது ஏன் உயிர்களைக் குடிக்கிறது?

அதற்கான விடை வேதியியலில் இருக்கிறது. அந்த வேதியியல் இதே மாவட்டத்துப் பள்ளிக்கூட ஆய்வகங்களில் தினமும் பாடமாகவும் நடக்கிறது.

கூரை போட்ட ஒரு கெமிஸ்ட்ரி லேப்

பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் மாநில அளவில் பல ஆண்டுகள் முன்னணியில் நின்ற மாவட்டம் விருதுநகர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகள்தான் இங்கே கணிசமான மாணவர்கள். பள்ளி ஆய்வகத்தின் கண்ணாடிப் புட்டியில் 'பொட்டாசியம் நைட்ரேட்' என்று மகள் படிக்கும் பொருளைத்தான் ஆலையில் அம்மா 'வெடியுப்பு' என்று அள்ளுகிறார். மகளுக்கு 'சல்ஃபர்', அம்மாவுக்கு 'கந்தகம்'.

ஆய்வகத்தில் அந்தப் பொருள் சில கிராம் இருக்கும். பக்கத்தில் ஆசிரியர் நிற்பார். ஆலையில் அது கிலோ கணக்கில் இருக்கும். பக்கத்தில் போர்மேன் இருக்க வேண்டும்.

பட்டாசு ஆலைக்குள் நடக்கும் வேலைகளில் மிக ஆபத்தானவை இரண்டு. ஒன்று, ரசாயனங்களைக் கலப்பது. இன்னொன்று, கலந்த மருந்தைக் குழாய்க்குள் செலுத்துவது. இந்த இரண்டும் நடக்கும் அறைகளை ஆய்வகம் என்று யாரும் அழைப்பதில்லை. ஆனால் அங்கே நடப்பது முழுக்க முழுக்க ரசாயன வேலை. எடை போடுதல், சலித்தல், கலத்தல், ஈரம் பார்த்தல், உலர்த்துதல் எல்லாமே உலகின் எந்த வேதியியல் ஆய்வகத்திலும் நடப்பவைதான்.

அதனால் ஆய்வகங்களின் பாதுகாப்பு விதிகளும் இந்த அறைகளுக்கு அப்படியே பொருந்தும். இந்த அறைகள் ரத்தம் சிந்திக் கற்ற பாடங்கள் ஆய்வகங்களுக்கும் பொருந்தும்.

மூன்று பொடிகள், மூன்று வேலைகள்

சத்தம் தரும் வெடிகளுக்குச் சிவகாசி வட்டாரத்தில் பயன்படும் அடிப்படைப் பொருட்கள் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். மூன்றும் தனித்தனியாக இருக்கும்வரை ஓரளவு சாதுவானவை. சேர்ந்துவிட்டால் கதை வேறு.

அலுமினியப் பவுடர்தான் எரிபொருள். சமையலறையில் இருக்கும் அலுமினியப் பாத்திரம் தீப்பிடிக்காது. அதே உலோகத்தை மாவு போலப் பொடித்தால் பற்றிக்கொள்ளும். முழு விறகுக்கட்டை எரிய நேரமாகும், சீவிய சிராய் உடனே எரியும் அல்லவா, அதே கணக்குதான். பொடி எவ்வளவு நைஸோ, தீ அவ்வளவு வேகம்.

வெடியுப்பு ஆக்ஸிஜன் தரும் பொருள். சாதாரணத் தீயைக் கோணிச்சாக்கு போட்டு மூடினால் காற்று கிடைக்காமல் அணையும். மருந்துக் கலவைக்கு வெளிக்காற்றே தேவையில்லை. தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. மண்ணைப் போட்டு மூடினாலும் எரியும். ஆகவே, தீப்பிடித்த மருந்துக் கலவையை அணைக்க முயல்வதே ஆபத்து. ஓடி விலகுவது ஒன்றுதான் வழி.

கந்தகம் சீக்கிரம் பற்றிக்கொள்ளும் பொருள். இது சேர்ந்தால் மொத்தக் கலவையும் குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கத் தயாராகிவிடும்.

இப்போது உராய்வுக்கு வருவோம். கலவையில் ஒரு மணல் துகள் கலந்திருந்தால் போதும். கை அழுத்தித் தேய்க்கும்போது அந்தத் துகளின் முனையில் பிறக்கும் சூடு பொறியாக மாறலாம். ரசாயனங்களைத் தனித்தனியாகச் சலித்த பிறகே கலக்க வேண்டும் என்பதும், கலவை அறைக்குள் இரும்புக் கரண்டி, இரும்பு வாளி கூடாது என்பதும் இதனால்தான்.

சேரவே கூடாத ஜோடிகளும் உண்டு. குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருளுக்கு மத்திய அரசு 1992-ல் தடை விதித்தது. தீக்குச்சி முனை போன்ற சில பயன்பாடுகளுக்கு மட்டுமே விலக்கு. காரணம், இந்த ஜோடி லேசான தேய்ப்புக்கே வெடிக்கக்கூடியது. சில நேரங்களில் யாரும் தொடாமலே தானாகப் பற்றிக்கொள்ளவும் கூடும்.

வாழ வைத்த வெயில், வதைக்கும் வெயில்

1920-களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தது இந்த ஊரின் வரலாறு. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வெயில். விவசாயத்துக்குச் சாபமாக இருந்த அந்த வானிலை தீக்குச்சி உலர்த்தவும் பட்டாசு உலர்த்தவும் வரமானது. இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர், விருதுநகர் வட்டாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இயங்குகின்றன.

அதே வறண்ட காற்றுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. காற்றில் ஈரம் குறைந்தால் உடம்பில் நிலைமின்சாரம் சேரும். பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது 'பட் பட்' என்று கேட்குமே, அதுதான் நிலைமின்சாரம். வீட்டில் அது விளையாட்டு. நைஸான அலுமினியப் பொடி இருக்கும் கலவை அறையில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பொறி போதும்.

இதைத் தடுக்கும் வழிகள் எளிமையானவை. அவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை.

கலவை அறை வாசலில் பூமியோடு இணைத்த செம்புத் தகடு இருக்கும். உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் அதைக் கையால் தொட்டால், உடம்பில் சேர்ந்த மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். பருத்தி ஆடை அணிய வேண்டும். நைலான், பாலியஸ்டர் கூடாது. தரையில் இதற்கென்றே உள்ள ரப்பர் விரிப்பு இருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கலவை வேலையை முடித்துவிட வேண்டும். இடி மின்னல் தெரிந்தால் வேலையை நிறுத்தி வெளியேற வேண்டும்.

இந்த உடை விஷயம் பட்டாசுக்கு மட்டுமானதல்ல. 2008 டிசம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் வளாகத்தில் 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ரசாயனம் ஒன்றை ஊசிக்குழாயில் எடுத்துக்கொண்டிருந்தார். குழாயின் தண்டு கழன்று ரசாயனம் சிந்தி எரிந்தது. அவர் ஆய்வக மேலங்கி அணிந்திருக்கவில்லை. உடம்பில் இருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். அது உருகி உடலோடு ஒட்டியது. 18 நாட்கள் போராடிய பிறகு அவர் இறந்தார்.

சிவகாசித் தொழிலாளியிடம் 'காட்டன் போட்டு வா' என்று சொல்வதும், கல்லூரி மாணவியிடம் 'லேப் கோட் போடாமல் உள்ளே வராதே' என்று சொல்வதும் ஒரே காரணத்துக்காகத்தான்.

நேற்றைய மருந்து

மிச்சம் வைத்த மருந்து இன்னொரு பெரிய ஆபத்து. மாலையில் வேலை முடியும்போது கலந்த மருந்து கொஞ்சம் மீந்துவிடும். 'காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று மூடி வைத்தால் என்ன ஆகும்?

அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால் மெதுவாக வேதிவினை தொடங்கும். சூடு பிறக்கும், எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். சிறிய குவியல் என்றால் அந்தச் சூடு காற்றில் கலைந்துவிடும். பெரிய குவியலின் நடுவில் சிக்கிய சூட்டுக்கு வெளியேற வழி கிடைக்காது. மேலே தொட்டுப் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். மாட்டுச்சாணக் குவியலையோ ஈர வைக்கோல் போரையோ கிளறினால் உள்ளே ஆவி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். கலவைக்குள் அந்தச் சூடு வந்தால் அது முடியும் இடம் வேறு.

அதனால்தான் அன்றைய மருந்தை அன்றே தீர்க்க வேண்டும், மீந்ததை முறைப்படி அழிக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. கழிவு மருந்தைக் குவித்து வைப்பதும், அறை ஓரத்தில் ஒதுக்கி வைப்பதும், தீக்குச்சியை நாமே பற்றவைத்து ஓரமாக வைப்பதற்குச் சமம்.

100 மில்லிகிராம் 10 கிராம் ஆனபோது

மேலே சொன்ன எல்லா விதிகளுக்கும் தாய் ஒன்று இருக்கிறது. அது அளவு.

தீப்பொறி என்றோ ஒருநாள் வந்தே தீரும் என்று எடுத்துக்கொண்டுதான் நல்ல பாதுகாப்பு விதி எழுதப்படுகிறது. வரும்போது அந்த இடத்தில் எவ்வளவு மருந்து இருந்தது, எத்தனை பேர் இருந்தார்கள் என்ற இரண்டு எண்கள்தான் அது சின்னக் காயமா, ஊர் துக்கமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

பட்டாசு ஆலைகளின் அமைப்பே இந்த எண்ணத்தில் உருவானது. ஒரே பெரிய கட்டடம் கட்டாமல் சின்னச் சின்ன அறைகளாக, இடைவெளி விட்டுக் கட்டுவது ஏன்? ஓர் அறை போனாலும் அடுத்த அறை தப்ப வேண்டும். அறைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் ஏன்? எந்தப் பக்கமும் ஓட முடிய வேண்டும். ஓர் அறையில் 4 பேருக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது ஏன்? இவ்வளவு பேருக்கு மேல் ஆபத்தின் நிழலில் இருக்கக்கூடாது.

2010 ஜனவரி 7-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சிவகாசிக்காரர் ஒருவர் கேட்டால் உடனே புரிந்துகொள்வார். அங்கே ஒரு வேதியியல் ஆய்வகத்தில் வெடிக்கும் தன்மை கொண்ட புதிய சேர்மங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவைக்கு 100 மில்லிகிராம்தான் தயாரிக்க வேண்டும் என்பது பேச்சளவில் இருந்த கட்டுப்பாடு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வரும், ஒரே தடவையில் மொத்தமாகத் தயாரித்துவிட்டால் எல்லாச் சோதனைக்கும் போதும் என்று அளவை ஏற்றினார்கள். சுமார் 10 கிராம். அனுமதித்ததைவிட 100 மடங்கு.

கட்டிகளாக இருந்ததை ஒரு மாணவர் நசுக்கினார். வெடித்தது. அவருடைய இடது கையில் 3 விரல்கள் போயின. முகத்திலும் கண்ணிலும் காயம்.

அமெரிக்காவின் ரசாயன விபத்து விசாரணை வாரியம் அதை விசாரித்தது. அளவுக் கட்டுப்பாடு எழுத்தில் இல்லை, எல்லோருக்கும் முறையாகச் சென்று சேரவில்லை, அதே ஆய்வகத்தில் முன்பு நடந்த சிறு சம்பவங்களில் இருந்து பாடம் கற்கவில்லை என்று கண்டறிந்தது.

படித்தவர்கள் நிறைந்த பல்கலைக்கழகத்திலும் 'கொஞ்சம் கூடினால் என்ன?' என்ற எண்ணம் வருகிறது. படிப்பு மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது. எழுதி வைத்த எல்லையும் அதை மீறவிடாத நிர்வாகமும் வேண்டும்.

அளவை ஏற்றுவது யார்?

சிவகாசி வட்டாரத்தில் அளவு ஏன் ஏறுகிறது? பல ஆலைகளில் கூலி என்பது மாதச் சம்பளம் கிடையாது. செய்த உருப்படிக்கு ஏற்ற கூலி. அதிகம் செய்தால் அதிகக் காசு. மருந்து எடுக்க ஒவ்வொரு முறையும் நடந்து போய்க் கொஞ்சம் எடுத்துவந்தால் நேரம் போகும், கூலி குறையும். ஒரே தடவையில் வேண்டியதை எல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேலை வேகமாக நடக்கும்.

கோடையில் வெயில் கொதிக்கும்போது அறைக்குள் உட்கார முடியாமல் மரத்தடியில் வேலை செய்வதும் உண்டு. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவியும். 4 பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதலாக ஆட்களை உட்கார வைப்பார்கள். இதைத் 'தொழிலாளியின் அலட்சியம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. வேகமாகச் செய்தால்தான் வீட்டுக்கு அரிசி என்ற கணக்கை வைத்தது யார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையின் அறைகள் பலருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது, குழு அமைத்தது, இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா ரூ.20 லட்சம் இழப்பீடு என்று உத்தரவிட்டது.

உள்குத்தகையில் இருக்கும் ஆபத்தை ஆய்வகக் கண்ணோடு பார்த்தால் சுலபமாகப் புரியும். ஒரே ஆய்வகத்தில் 4 மேசைகளை 4 பேருக்கு வாடகைக்கு விட்டு, யார் எந்த மேசையில் என்ன ரசாயனத்தை எவ்வளவு கலக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாத நிலையைக் கற்பனை செய்து பாருங்கள். பக்கத்து மேசைக்காரர் கொண்டுவந்தது என்ன என்று தெரியாமல் எத்தனை கவனமாக இருந்தாலும் பயன் இல்லை.

சோதிக்கும் இடம் வேறு, சேமிக்கும் இடம் வேறு

2023 அக்டோபர் 17-ல் ரெங்கபாளையத்தில் நடந்தது இன்னொரு பாடம். ஆலையை ஒட்டியிருந்த பட்டாசுக் கடைக்கு அருகே பட்டாசை வெடித்துப் பார்த்தபோது பறந்த தீப்பொறி, அடுக்கி வைத்திருந்த பட்டாசுப் பெட்டிகளின் மேல் விழுந்ததாகச் செய்திகள் கூறின. 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் பெண்கள். அதே நாளில் கிச்சநாயக்கன்பட்டியில் நடந்த இன்னொரு விபத்திலும் உயிர் போனது.

2016 அக்டோபர் 20-ல் சிவகாசி நகருக்குள் நடந்ததும் மறக்கக்கூடியது இல்லை. பட்டாசுக் கடையில் பிடித்த தீயின் புகை பக்கத்தில் இருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகுந்தது. பட்டாசுக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல், ஸ்கேன் எடுக்க வந்தவர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள்.

தீ வைத்துச் சோதிக்கும் இடமும், ரசாயனம் சேமிக்கும் இடமும், மனிதர்கள் கூடும் இடமும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் எரியும் பன்சன் அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் புட்டியைத் திறந்து வைக்காதே என்று சொல்வது இதன் சின்ன வடிவம்.

கையுறை போட்டாலே போதுமா?

'பாதுகாப்பு உபகரணம் கொடுத்துவிட்டோம்' என்ற பதிலை விபத்துக்குப் பிறகு அடிக்கடி கேட்கலாம். உபகரணம் கடைசி அரண் மட்டுமே. அதுவும் பொருத்தமானதாக இருந்தால்தான்.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் கேரன் வெட்டர்ஹான். நச்சு உலோகங்களைப் பற்றி ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி. 1996 ஆகஸ்ட்டில் டைமெத்தில் மெர்குரி என்ற பாதரசச் சேர்மத்தின் சில துளிகள் அவருடைய கையுறை மேல் விழுந்தன. விதிப்படி கையுறை போட்டுத்தான் வேலை செய்தார். அந்தச் சேர்மம் லேடக்ஸ் கையுறையை நொடிகளில் ஊடுருவிவிடும் என்பது அதன் பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. 10 மாதங்களில் அவர் இறந்தார்.

ஆகவே பாதுகாப்பில் ஒரு வரிசை இருக்கிறது. ஆபத்தான பொருளைத் தவிர்க்க முடியுமா என்று முதலில் பார். முடியாவிட்டால் அளவைக் குறை. பிறகு ஆட்களைத் தள்ளி வை. கலக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்து, தூரத்தில் நின்று இயக்க முடியுமா என்று பார். கையுறை, கண்ணாடி, மேலங்கி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

*ஆலையில் வேலை செய்பவர்கள்*

- செம்புத் தகட்டைத் தொடாமல் கலவை அறைக்குள் போகாதீர்கள். 'இப்போதுதானே தொட்டேன்' என்ற கணக்கு வேண்டாம்.
- பருத்தி ஆடை மட்டும் அணியுங்கள். செல்போன், சாவிக்கொத்து, தீப்பெட்டி வெளியிலேயே இருக்கட்டும்.
- கைக்கு வேண்டிய மருந்து மட்டும் அருகில் இருக்கட்டும். மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.
- மருந்துப் பாத்திரத்தைத் தரையில் இழுக்காதீர்கள், தூக்கிச் செல்லுங்கள்.
- மருந்து சூடாக இருந்தாலோ, வித்தியாசமான வாடை வந்தாலோ தொடாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றிவிட்டுப் போர்மேனிடம் சொல்லுங்கள்.
- வெடிச்சத்தம் கேட்டால் எதிர்த் திசையில் ஓடுங்கள். முதல் வெடிப்பு கடைசி வெடிப்பாக இருக்கும் என்று நம்பாதீர்கள். முதலிப்பட்டி சொன்ன பாடம் இது.

*பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில் இருப்பவர்கள்*

- பாதுகாப்புக் கண்ணாடி, பருத்தி மேலங்கி, முழுக்க மூடிய காலணி அணியுங்கள். நீண்ட கூந்தலையும் துப்பட்டாவையும் கட்டிக்கொள்ளுங்கள்.
- தண்ணீரில்தான் ஆசிட்டை மெதுவாக ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.
- பெயர் ஒட்டாத புட்டியை நம்பாதீர்கள். எடுத்தது மீந்தாலும் புட்டிக்குள் திருப்பிக் கொட்டாதீர்கள்.
- தனியாக ஆய்வகத்தில் வேலை செய்யாதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.
- சோதனையின் அளவைக் கூட்டும் முன் ஆசிரியரிடம் கேளுங்கள். 2 மடங்கு என்றாலும் கேளுங்கள்.
- கண்ணில் ரசாயனம் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு மருத்துவமனை.

*வீட்டில் இருப்பவர்கள்*

- பிளீச்சிங் பவுடரையும் ஆசிட் கலந்த பாத்ரூம் கிளீனரையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். குளோரின் என்ற விஷவாயு வரும்.
- பட்டாசைப் பிரித்து மருந்தைச் சேகரிக்கும் விளையாட்டையும், வீடியோ பார்த்து வெடி தயாரிக்கும் முயற்சியையும் பிள்ளைகள் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
- உரிமம் இல்லாமல் வீட்டில் பட்டாசு தயாரிப்பது சட்டவிரோதம். வீட்டில் வெடித்தால் சிக்குவது பிள்ளைகளும் பெரியவர்களும்தான்.

*தீக்காயம் பட்டால்*

- சுமார் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரைக் காயத்தின் மேல் விடுங்கள். ஐஸ் வேண்டாம்.
- மோதிரம், வளையலை வீக்கம் வரும் முன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.
- பேஸ்ட், இங்க், மாவு, மஞ்சள், எண்ணெய் எதையும் தடவாதீர்கள். சுத்தமான துணியால் மெதுவாக மூடி 108-ஐ அழையுங்கள்.

சட்டம் இருக்கிறது, துறைகள் இருக்கின்றன

வெடிபொருள் சட்டம் 1884 முதல் இருக்கிறது. இப்போது நடைமுறையில் இருப்பவை 2008-ன் வெடிபொருள் விதிகள். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ எனப்படும் மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு உரிமம் தருகிறது, ஆய்வு செய்கிறது. அந்த அமைப்பின் பட்டாசு ஆராய்ச்சி மையம் சிவகாசியிலேயே இருக்கிறது. பசுமைப் பட்டாசுக்கான கலவைகளை உருவாக்கிய நீரி நிறுவனமும் இங்கே மூலப்பொருட்களைச் சோதிக்கும் வசதியை ஏற்படுத்தியது. மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை போர்மேன்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பயிற்சி தருகிறது. சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் விபத்து நடக்கிறது என்றால், விதி தெரியாததால் நடக்கிறது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. விதியைக் கடைப்பிடித்தால் கூலி குறையும் என்ற நிலை இருக்கும்வரை, செம்புத் தகடும் பருத்திச் சேலையும் பாதி வேலையைத்தான் செய்யும். கலவை, மருந்து செலுத்தும் வேலைகளுக்காவது உருப்படிக் கணக்கை விட்டுவிட்டு நாள் சம்பளம் கொடுப்பது, உள்குத்தகையை அடியோடு நிறுத்துவது, அறை வாசலில் 'இத்தனை பேர், இவ்வளவு மருந்து' என்று எல்லோரும் படிக்கும் எழுத்தில் எழுதி வைப்பது, மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் மறைக்காமல் பதிவு செய்வது ஆகியவை மீதிப் பாதி.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. பொட்டாசியம் நைட்ரேட் சூடானால் என்ன வாயு வரும் என்று மகளுக்குத் தெரியும். மருந்து கையில் படும்போது அது சரியான பதமா என்று அம்மாவுக்குத் தெரியும். ஒருவர் புத்தகத்தில் படித்ததும் இன்னொருவர் கையால் கற்றதும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை சந்திக்கட்டும். 'இன்றைக்கு உங்கள் அறையில் எத்தனை பேர் இருந்தீர்கள்? எவ்வளவு மருந்து இருந்தது?' என்று மகள் கேட்கட்டும்.

காலையில் ஊர் ஊராக வந்து ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன், மாலையில் அத்தனை பேரையும் இறக்கிவிட வேண்டும். அதற்கு அந்த இரண்டு எண்களும் சரியாக இருக்க வேண்டும்.